வயரில் ஒழுங்காக ஓடும் இன்டர்நெட் வைஃபையில் ஏன் திக்குகிறது? நங்கநல்லூர் பிளாட் அனுபவம்

லேன் வயர் போட்டால் பிளானில் சொன்ன 100 எம்பிபிஎஸ் அப்படியே வருகிறது, போனில் மட்டும் வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றால், கஸ்டமர் கேருக்குப் போன் போட்டுப் பெரிய பிரயோஜனம் இல்லை. கோளாறு ரவுட்டருக்கும் போனுக்கும் நடுவில், நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. எங்கள் நங்கநல்லூர் பிளாட்டில் இதோடு ரொம்ப நாள் மல்லுக்கட்டினோம். கடைசியில் செய்த ஏற்பாடு இரண்டு கோடைகளைத் தாண்டியும் தொல்லை தராமல் ஓடுவதால் எழுதுகிறேன்.

லைன் பார்க்க வந்த தம்பி லேப்டாப்பில் வயரைச் செருகி ஸ்பீட் டெஸ்ட் போட்டுக் காட்டினார். "லைன் பக்கா சார். வேணும்னா 200 பிளானுக்கு மாறிக்கோங்க" என்றார். தண்டச் செலவு. ஹாலுக்கு வரும் 100இல் படுக்கையறைக்கு 6 கூடப் போகாதபோது, 200 வந்தாலும் அதே 6தான்.

முதலில் ரவுட்டருக்கே பிங் அடித்துப் பாருங்கள், அதாவது ஒரு சின்னத் தகவலை அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். லேப்டாப்பை வைஃபையில் இணைத்து, கமாண்ட் பிராம்ப்டில் ping என்று அடித்து, பக்கத்தில் ரவுட்டரின் முகவரியைக் கொடுத்தால் போதும்; பெரும்பாலும் அது 192.168.1.1 ஆக இருக்கும். சில மில்லிசெகண்டில் பதில் வர வேண்டும். எங்கள் படுக்கையறையில் 3, 5, 4 என்று போய்க்கொண்டிருந்தது திடீரென்று 400க்குத் தாவும், நடுநடுவே ‘ரெக்வெஸ்ட் டைம்ட் அவுட்’ என்றும் வரும். அதே லேப்டாப்பில் வயரைச் செருகினால் ஒன்றுக்கும் கீழே. இந்த பிங் வீட்டு வாசலைத் தாண்டுவதே இல்லை. ஆக, ஃபைபர் மேலும் கம்பெனி மேலும் பழி போட வழியில்லை.

அப்புறம் வைஃபை அனலைசர் ஆப் ஒன்றை இறக்கிப் பார்த்தேன். வைஃபை அலைவரிசைகளில் ஒன்றான 2.4 ஜிகாஹெர்ட்ஸில் மேல் மாடி, கீழ் மாடி, எதிர் வீடு என்று ஒரு ஊரே தெரிந்தது. வயரில் பாதை நமக்கு மட்டும். காற்றில் அப்படியில்லை, ஒரே சேனலில் (அலைவரிசைக்குள் பிரித்த ஒரு தடத்தில்) இருக்கும் எல்லோரும், வேறு யாராவது பேசுகிறார்களா என்று கேட்டு, அடங்கிய பிறகே பேச முடியும். பேருக்கு 13 சேனல் இருந்தாலும், ஒன்றோடொன்று இடிக்காதவை 1, 6, 11 மட்டும்தான். எதிர் வீட்டுக்காரர் 3இல் உட்கார்ந்தால் 1, 6 இரண்டுக்கும் தொல்லை. ரவுட்டரில் சேனல் ‘ஆட்டோ’வில் இருந்ததை 11 ஆக்கி, சேனல் அகலத்தை 40இலிருந்து 20 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கினேன். அகலம் குறைந்தால் வேகம் குறையும் என்று பயப்பட வேண்டாம், இந்த நெரிசலில் அதுதான் நிதானமாகப் போகும். இருந்தாலும் மைக்ரோவேவ் ஓடும்போது வீடியோ கால் திக்கத்தான் செய்தது. அதுவும் கிட்டத்தட்ட 2.45 ஜிகாஹெர்ட்ஸில்தான் வேலை செய்கிறது.

வைஃபையின் இன்னொரு அலைவரிசையான 5 ஜிகாஹெர்ட்ஸ்தான் சரியான வழி. ஆனால் அது சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவே ஒரு கான்கிரீட் தூண், அதை ஒட்டி இரும்பு பீரோ, பீரோ கதவில் ஆளுயரக் கண்ணாடி. இரும்பும் கண்ணாடியின் ரசப்பூச்சும் சிக்னலை அந்தப் பக்கம் விடுவதில்லை. சேனல் விஷயத்திலும் ஒன்று கவனிக்க வேண்டும். 2018இல் இந்தியாவில் 5 ஜிகாஹெர்ட்ஸில் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தும் இடத்தை விரிவாக்கினார்கள். அதில் 52 முதல் 144 வரையுள்ள சேனல்கள் ரேடாரோடு பங்கு போட்டுக்கொள்பவை. ரேடார் சத்தம் கேட்டதாக ரவுட்டர் நினைத்தால் உடனே சேனலை மாற்றியாக வேண்டும். அப்போது எல்லோருக்கும் கனெக்‌ஷன் அறுந்து திரும்ப வரும். அதனால் நான் 36இல் பூட்டிவிட்டேன்.

மாமா ஒருவர் ரிப்பீட்டர் வாங்கிக் கொடுத்தார். சிக்னல் கோடு முழுசாகக் காட்டும், வேகம் பாதிதான் வரும். சாதாரண ரிப்பீட்டர் ஒரே அலைவரிசையில் வாங்கி, அதிலேயே திருப்பிச் சொல்கிறது. அதைப் பரண் மேல் போட்டாயிற்று.

கடைசியில் கைகொடுத்ததும் வயர்தான். உபயோகமில்லாமல் கிடந்த கேபிள் டிவி பைப் வழியாக எலெக்ட்ரீஷியன் கேட் 6 என்ற லேன் வயரைப் படுக்கையறைக்கு இழுத்தார். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வயர் வாங்கும்போது "ஃபுல் காப்பரா?" என்று கேட்டு வாங்குங்கள், அலுமினியத்தின் மேல் தாமிரம் பூசிய வயரும் விற்கிறார்கள். வயர் நுனியில் பிளக்கை அழுத்திப் பொருத்தி (கிரிம்ப்) முடித்தபின் லேப்டாப்பில் லிங்க் ஸ்பீட் 1 ஜிபிபிஎஸ் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுக் கூலி கொடுங்கள். ஒரு ஜோடி கம்பி சரியாகப் பதியாவிட்டாலும் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும்.

வயரின் மறுமுனைக்குப் புதிதாக எதுவும் வாங்கவில்லை. வீட்டில் கிடந்த பழைய டூயல் பேண்ட் (இரண்டு அலைவரிசையும் உள்ள) ரவுட்டரே ஆக்சஸ் பாயின்ட், அதாவது வயரில் வருவதை வைஃபையாகக் கொடுக்கும் பெட்டி. அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் டிஹெச்சிபியை அணைத்து, வயரை வெளி இன்டர்நெட்டுக்கான வேன் (WAN) போர்ட்டில் இல்லாமல் லேன் போர்ட்டில் செருக வேண்டும். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் இரண்டிலும் ஒன்றே, சேனல் மட்டும் வேறு: இது 149. இப்போது படுக்கையறையில் பிளான் வேகம் முழுக்க வருகிறது, பிங்கும் தாவுவதில்லை.

நாள்பட்ட உபயோகத்தில் கண்ட குறைகளும் உண்டு. கரண்ட் போனால் இரண்டு பெட்டிக்கும் பவர் வேண்டும். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் 12 வோல்ட் மினி யுபிஎஸ் இரண்டு வாங்க வேண்டிவரும். கம்பெனி அவர்கள் பக்கத்திலிருந்தே ஹால் ரவுட்டருக்கு அப்டேட் அனுப்பும்போது சேனல் மறுபடி ‘ஆட்டோ’வுக்குப் போயிருக்கிறது. திடீரென்று மந்தமானால் முதலில் அதைத்தான் பார்ப்பேன். வைஃபை பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ 3 மட்டும் என்று வைத்தபோது பழைய பிரிண்டர் சேரவே மறுத்தது, டபிள்யூபிஏ 2க்கு இறக்கியதும் சேர்ந்துகொண்டது.

அப்பாவின் டேப்லெட் மட்டும் படுக்கையறைக்கு வந்த பிறகும் ஹால் சிக்னலையே பிடித்துத் தொங்கும். எந்த ரவுட்டரோடு சேர்வது என்று முடிவு செய்வது ரவுட்டர் இல்லை, அந்தக் கருவிதான். ஹால் ரவுட்டரின் டிரான்ஸ்மிட் பவரை ‘மீடியம்’ ஆக்கிய பிறகு பெரும்பாலும் தானாக மாறிக்கொள்கிறது. மாறாத நாளில் வைஃபையை ஒருமுறை அணைத்துப் போடச் சொல்லியிருக்கிறேன்.