யூனிவர்சிட்டி ஹில்ஸ்: பேராசிரியர்களுக்கான வளாகக் குடியிருப்பு

கலிபோர்னியாவின் இர்வைன் நகரில் வீட்டு விலைக்கு அஞ்சிப் பேராசிரியர்கள் பணியில் சேரத் தயங்கும் நிலையை மாற்ற, அங்குள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 1983-இல் தனி அமைப்பொன்றை ஏற்படுத்தி, வளாக நிலத்திலேயே வீடுகளைக் கட்டி விற்கத் தொடங்கியது. நிலம் குத்தகைக்கு மட்டுமே. வீட்டை மறுபடி விற்கும்போது விலைக்கு உச்சவரம்பு உண்டு. இத்திட்டத்தின் உயிர்நாடி அந்த உச்சவரம்புதான் என்பேன், ஏனெனில் அடுத்து வரும் இளம் ஆசிரியருக்கும் வீடு எட்டும் விலையில் கிடைப்பது அதனால்தான்.

405 நெடுஞ்சாலையில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்த ஒரு காலையில், இக்குடியிருப்பில் வசிக்கும் என் பேராசிரியர் தோழி தேநீர்க் குவளையைக் கழுவி வைத்துவிட்டு நிதானமாக நடந்தே வகுப்புக்குப் போனார். நானும் உடன் நடந்தேன். வீட்டை முதலீடாகக் கருதுபவர்களுக்கு இத்திட்டம் ஒத்துவராது. இங்கே வேலையை ஒப்புக்கொள்ளுமுன் வீட்டுக்கான காத்திருப்புப் பட்டியலைப் பற்றிக் கட்டாயம் விசாரியுங்கள்.