38,400 ரூபாய்க்கு ஐந்து இங்க்ஜெட் பிரிண்ட்: பழைய பாய்மரப் படகு விளம்பரம் சேர்ப்பவர்கள் கவனத்துக்கு

பார்சல் வந்து ஆறு நாள்தான் ஆகிறது. கோபம் தணிவதற்குள் எழுதிவிடுகிறேன். 1960, 70-களின் கடல் பந்தயப் படகுகளுக்குப் பத்திரிகைகளில் வந்த விளம்பரங்களைச் சேர்ப்பவர்கள் நம்மில் கொஞ்சப் பேர்தான். அந்தக் கொஞ்சப் பேராவது தப்பட்டும். எப்படிச் சோதித்து வாங்குவது என்பதைக் கடைசியில் வரிசையாகப் போடுகிறேன்.

வாங்கிய இடம் பழம்பொருள் விற்கும் ஒரு வெளிநாட்டு ஆன்லைன் சந்தை. விற்றவர் அங்கே நல்ல மதிப்பீடுகளோடு கடை வைத்திருப்பவர். ஐந்து தாள், ஒரே லாட், எல்லாம் படகு மாடல்களும் கம்பெனிகளும்: ஸ்வான் (Swan) 65-க்கான இரட்டைப் பக்கம், கால் (Cal) 40-க்கு ஒரு பக்கம், சி அண்ட் சி (C&C) படகுகளுக்கு இரண்டு, ஹிங்க்லி கம்பெனியின் பெர்முடா 40 பிரவுஷர் தாள் ஒன்று. எல்லாம் "அசல்". தபால் செலவோடு 38,400 ரூபாய்.

விலை அதிகம் என்று தெரியாமல் இல்லை. கால் 40 மாதிரி விளம்பரங்கள் மாதப் பத்திரிகையில் ஆயிரக்கணக்கில் அச்சானவை, தனித்தாளாக மலிவாகவே கிடைக்கும். விலையை ஏற்றியது அந்த ஸ்வான் இரட்டைப் பக்கம்தான். பின்லாந்தின் யாக்கோப்ஸ்தாத்தில் 1966-இல் ஆரம்பித்த நௌட்டோர் நிறுவனம், ஸ்பார்க்மேன் அண்ட் ஸ்டீபன்ஸ் என்ற படகு வடிவமைப்பு நிறுவனம் வரைந்த ஸ்வான் 36-இல் தொடங்கி, சில வருஷங்களிலேயே 65 அடி வரை போய்விட்டது. அந்த 65-களில் ஒன்றுதான் மெக்சிகோக்காரர் ரமோன் கார்லினின் 'சயூலா II'. 1973 செப்டம்பரில் போர்ட்ஸ்மவுத்தில் கிளம்பி உலகைச் சுற்றிய முதல் விட்பிரெட் பந்தயத்தை வென்ற படகு. அந்த வெற்றியைச் சொல்லும் விளம்பரம் கிடைக்கிறது என்றால் யாருக்கும் கை பரபரக்கும்.

ஏமாந்த நொடி எது என்று துல்லியமாகச் சொல்ல முடியும். பணம் கட்டும் முன், "பத்து மடங்கு லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்து ஒரு படம் அனுப்புங்கள்" என்று கேட்டதற்கு அரை மணியில் படம் வந்தது. பாயின் நீலப் பட்டையில் நாலு நிறப் புள்ளிகளும் தனித்தனிக் கோணத்தில் நின்று, பூ மாதிரி வட்டம் வட்டமாகக் கூடியிருந்தன. சுத்தமான ஆஃப்செட் அச்சு, அதாவது அச்சகத்தில் தகடு வைத்து அடித்தது. அதோடு சந்தேகம் போயிற்று, 38,400 ரூபாயும் போயிற்று. படம் பொய் இல்லை. அது அவரிடம் இருக்கும் அசலின் படம். அனுப்பியது அந்த அசலை ஸ்கேன் செய்து எடுத்த இங்க்ஜெட் பிரதி.

இரண்டாவது கொக்கி மவுண்ட். "பாதுகாப்புக்காக அமிலமற்ற அட்டையில் ஒட்டப்பட்டது" என்று பெருமையாகப் போட்டிருந்தார். மதிப்புத் தெரிந்த யாரும் பத்திரிகைத் தாளின் முதுகு முழுக்கப் பசை போட்டு ஒட்டமாட்டார்கள். மேல் ஓரத்தில் இரண்டு சின்னக் காகிதக் கீல் வைத்துத் தொங்கவிடுவார்கள், அவ்வளவுதான். முழுசாக ஒட்டுவதற்கு ஒரே காரணம், பின்பக்கத்தைப் பார்க்கவிடாமல் செய்வது. பத்திரிகையிலிருந்து எடுத்த தாளுக்குப் பின்பக்கம் காலியாக இருக்காது. பாய்க் கயிற்றை இழுக்கும் வின்ச் ஒன்றின் விளம்பரமோ, பாதியில் நிற்கும் கட்டுரையோ, ஏதாவது இருக்கும். மூலையைப் பிரித்தபோது வெள்ளை வெளேரென்று இருந்தது.

மீதிச் சோதனை எல்லாம் அதற்குப் பிறகுதான். ஸ்பெசிஃபிகேஷன் கட்டத்தில் இருக்கும் ஆகச் சின்னக் கறுப்பு எழுத்தை முதலில் பாருங்கள். அசல் ஆஃப்செட்டில் அது ஒரே கறுப்பு மை, ஓரம் கத்தி வெட்டியது போல நிற்கும். இதில் ஆங்கில 'e' எழுத்தின் வயிற்றுக்குள் நீலமும் சிவப்பும் மஞ்சளும் பொடியாகத் தூவிக் கிடந்தன. அடுத்து ஓரத்து வெற்றிடம். பழைய காகிதம் தானாகப் பழுக்கும், விளிம்பில் அதிகம், உள்ளே போகப் போகக் குறைவு, அதில் மைப் புள்ளி இருக்காது. இங்கே பழுப்பையே புள்ளி வைத்து அச்சடித்திருக்கிறார்கள். இந்த ஒரு சோதனையே போதும்.

ஸ்வான் தாளில் நடுமடிப்பில் இரண்டு ஸ்டேப்ளர் பின் துருக்கறை இருந்தது. பார்த்ததும் சந்தோஷப்பட்டது வேறு கொடுமை. துருவும் அச்சு. பின் குத்திய துளையே இல்லை, விரலால் தடவினால் மழமழவென்று இருக்கிறது. மடிப்பில் விழும் சாம்பல் நிழலையும் சேர்த்தே ஸ்கேன் செய்திருக்கிறார்கள், தாளில் மடிப்பு இல்லை. பின் அடித்த பத்திரிகையின் நட்டநடு விரிப்பு மட்டும்தான் ஒரே தாளாக, துளைகளோடு வரும். வேறு பக்கமென்றால் இரண்டு தனித்தாளாகத்தான் வந்திருக்க வேண்டும்.

படகு தெரிந்தவர்களுக்கு இன்னொன்று. அச்சுப் புள்ளியுள்ள படத்தை ஸ்கேன் செய்தால் வானத்திலும் பாயிலும் பட்டுப்புடவை நெளிவு மாதிரி அலையலையாகக் கோடு விழும். அதை மறைக்க மென்பொருளில் மங்கலாக்குவார்கள். அப்போது முதலில் செத்துப்போவது கம்பிகள். பாய்மரத்தின் உச்சியிலிருந்து முன்னால் இறங்கும் ஃபோர்ஸ்டேயும் பக்கத்து ஷ்ரௌடுகளும் வானத்தில் துண்டு துண்டாக நிற்கும். கால் 40 தாளில் ஃபோர்ஸ்டே மூன்று இடத்தில் அறுந்திருக்கிறது. அந்தப் படகு கடலில் போயிருந்தால் பாய்மரம் விழுந்திருக்கும்.

வருஷக் கணக்கும் உதைக்கிறது. ஸ்வான் தாளுக்கு "1972" என்று சீட்டு. தாளில் சயூலாவின் வெற்றி. பந்தயம் முடிந்ததே 1974-இல். பெர்முடா 40 தாளுக்கு "1961". கீழே சவுத்வெஸ்ட் ஹார்பர், மெயின் 04679 என்று முகவரி. அந்த 04679 ஜிப் கோடு, அதாவது அஞ்சல் குறியீட்டு எண்; அமெரிக்காவில் அது வந்ததே 1963 ஜூலையில். தளத்தில் போட்ட படம் சின்னது, சீட்டுத் தேதியும் முகவரியும் அதில் தெரியவில்லை. தவறான தேதி மட்டும் இருந்தால் அறியாமை என்று விட்டுவிடலாம். அச்சடித்த துரு அறியாமை இல்லை.

புகார் கொடுத்ததும் ஆரம்பித்தது. விற்றவரின் முதல் பதில்: "பழைய காகிதம், உங்கள் விளக்கில் அப்படித் தெரியும்." படங்கள் அனுப்பியதும்: "தேதி தோராயமானதே." துளையில்லாத துருவைக் காட்டியதும்: "மவுண்டிலிருந்து பிரித்துவிட்டீர்கள், சேதமான பொருளைத் திரும்ப எடுக்க முடியாது." பிரிக்காமல் பின்பக்கத்தைப் பார்க்க முடியாது, பார்த்தால் திருப்ப முடியாது. என்ன ஏற்பாடு பாருங்கள்! பிறகு "நல்லெண்ணத்தில்" 3,840 ரூபாய் தருவதாகச் சொன்னார். 38,400-இல் பத்தில் ஒன்று.

தளத்தின் சேவைப் பிரிவு இதற்கு மேல். முதல் ஆள் படங்களைத் திரும்பக் கேட்டார். இரண்டாவது ஆள் அதே படங்களைத் திரும்பக் கேட்டார். மூன்றாவது, "தீர்க்கப்பட்டது" என்று புகாரையே மூடிவிட்டார். இதற்கிடையில் விற்பனைப் பக்கத்தில் "அசல் விளம்பரம்" என்பது "அசல் விளம்பரத்தின் அழகிய அச்சு" ஆகிவிட்டது. பழைய பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்காதது முழுக்க என் முட்டாள்தனம். அதே ஸ்வான் இரட்டைப் பக்கம் இப்போது "கடைசி ஒன்று" என்று மறுபடி ஏறியிருக்கிறது, அதே துருக்கறை, அதே இடத்தில்.

சோதனைகளை வரிசையாகப் போடுகிறேன் என்றேன். உட்கார்ந்து எழுத இப்போது பொறுமை இல்லை, அவசரத்துக்கு இவை மட்டும். பின்பக்கத்தின் படம் தராதவரிடம் வாங்காதீர்கள். லூப் படம் கேட்டால், இன்றைய தேதி எழுதிய துண்டுச் சீட்டை அதே தாளின் மேல் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். புற ஊதா விளக்கை நம்பாதீர்கள், 1950-களுக்குப் பிறகு வந்த காகிதங்களில் பலவும் தாமே ஒளிரும். ஈரப் பஞ்சால் தேய்க்கும் வேலையும் வேண்டாம், இங்க்ஜெட்டில் போடும் பிக்மென்ட் (நிறமித் துகள்) மை கரையாது, அசலாக இருந்தால் நீங்களே கெடுத்ததாகிவிடும். முடிந்தால் வெட்டிய தாளை விட்டு முழுப் பத்திரிகையாகவே வாங்குங்கள். பணம் கட்டும் முன் விற்பனைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.

மூடிய புகாரைத் திறக்க மறுபடி படிவம் நிரப்பச் சொல்லி இப்போதுதான் மெயில் வந்திருக்கிறது. அதே படங்களை மறுபடி கேட்கிறார்கள்.