மசக்கை வாந்திக்கு மாத்திரை: இப்போதேவா, முடியாமல் போன பிறகா?

"மசக்கைன்னா வாந்தி வரத்தான் செய்யும், மூணு மாசம் பல்லைக் கடிச்சிட்டு இரு" என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். "ராத்திரி ரெண்டு மாத்திரை போடுங்க" என்று எழுதிக் கொடுப்பார் டாக்டர். பிரிக்காத மாத்திரை அட்டை ஒரு வாரம் தலையணைக்கு அடியிலேயே கிடக்கும். என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நாளுக்கு மூன்று நான்கு தடவை வாந்தி வந்து, சாப்பாடு பாதிக்கும் கீழே போய்விட்டவர்கள் அந்த அட்டையை இன்று ராத்திரியே பிரிப்பது நல்லது. வாந்தி உச்சத்துக்குப் போகும் ஒன்பதாவது வாரம் வரை காத்திருப்பதில் லாபம் எதுவும் இல்லை.

எந்த இடத்தில் நிற்கிறோம் என்று பார்க்க மூன்று கேள்விகள் போதும். கடந்த 24 மணி நேரத்தில் குமட்டல் எத்தனை மணி நேரம் இருந்தது, வாந்தி எத்தனை தடவை வந்தது, ஒன்றும் வெளியே வராமல் வெறுமனே ஓங்கரித்தது எத்தனை தடவை. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். வாந்தியே இல்லை என்றால் 1, மூன்று நான்கு தடவை என்றால் 3, ஏழோ அதற்கு மேலோ போனால் 5. ஓங்கரிப்புக்கும் அதே கணக்கு. குமட்டல் ஆறு மணி நேரத்தைத் தாண்டினால் அதற்கும் 5. கூட்டிப் பார்த்து 6 வரை லேசு, 7 முதல் 12 வரை நடுத்தரம், 13 ஆனால் கடுமை. கூடவே எடையையும் பாருங்கள். கர்ப்பத்துக்கு முன் 55 கிலோ இருந்தவர் 52 கிலோ சொச்சத்துக்கு இறங்கினால் 5 சதவீதம் போய்விட்டது என்று அர்த்தம். அதைச் சாதாரண மசக்கை என்று யாரும் சொல்லக் கூடாது. சிறுநீரில் கீட்டோன் எத்தனை ப்ளஸ் என்பதை வைத்துக் கடுமையை அளக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. கீட்டோன், சாப்பாடு இல்லாதபோது உடம்பு கொழுப்பை எரிப்பதால் வருவது; அது பட்டினியைக் காட்டும். நீர் எவ்வளவு வற்றியது என்பதைக் காட்டாது.

பொறுத்துக்கொள்ளும் வழி

மதிப்பெண் 6க்குள் இருந்தால் இது போதும். எழுந்திருக்கும் முன் படுக்கையிலேயே ஒரு கைப்பிடி பொரியோ இரண்டு ரஸ்கோ, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொஞ்சமாகச் சாப்பாடு, சூடு ஆறிய உணவு (தாளிப்பு வாசனைதான் பலருக்கு எதிரி, ஆறிய இட்லியும் தயிர்சாதமும் வாசனை அடிக்காது). தண்ணீரை டம்ளர் டம்ளராகக் குடிக்காமல் ஓ.ஆர்.எஸ். கரைசலாக இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன். இஞ்சியில் ஆய்வுகள் பார்த்த அளவு நாளுக்குச் சுமார் 1 கிராம் பொடி. லேசான குமட்டலுக்கு உதவும், கடுமையான வாந்தியில் தொண்டையை எரிப்பதுதான் மிச்சம். இரும்புச்சத்து மாத்திரை குமட்டலைக் கிளறும் என்பதால் டாக்டரைக் கேட்டுச் சில வாரம் தள்ளிப்போடலாம். ஃபோலிக் ஆசிட்டை மட்டும் நிறுத்தாதீர்கள்.

"மனசுதான் காரணம், கண்டுக்காம இருந்தா சரியாயிடும்" என்ற பேச்சுக்கும் இப்போது பதில் இருக்கிறது. நஞ்சுக்கொடியிலிருந்து தாயின் ரத்தத்துக்கு வரும் ஜி.டி.எஃப்.15 என்ற ஹார்மோனும், கர்ப்பத்துக்கு முன் அதற்குப் பழகாத உடம்பும் சேர்ந்தால் வாந்தி கடுமையாகிறது என்று 2023 டிசம்பரில் ஆய்வு வெளிவந்தது. வைராக்கியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

டாக்சிலமின் + பைரிடாக்சின்

தலையணைக்கு அடியில் கிடக்கும் அட்டை இதுதான். இங்கே பெரும்பாலும் டாக்சினேட் என்ற பெயரில் எழுதித் தருவார்கள். டாக்சிலமின் 10 மி.கி., பி6 வைட்டமினான பைரிடாக்சின் 10 மி.கி. தூக்கம் வரவைக்கும் பழைய அலர்ஜி மருந்தும் ஒரு வைட்டமினும், அவ்வளவுதான்.

பயம் எங்கிருந்து வருகிறது என்றும் தெரியும். 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து 1961இல் திரும்பப் பெறப்பட்ட தாலிடோமைடு, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் கைகால்களைப் பறித்தது. அந்த நிழல் மசக்கை மாத்திரை எல்லாவற்றின் மேலும் விழுந்தது. டாக்சிலமின் மாத்திரை அமெரிக்காவில் பென்டெக்டின் என்ற பெயரில் 1956 முதல் விற்றது. பிறவிக் குறை வருகிறது என்று வழக்குக்கு மேல் வழக்கு போட, 1983இல் தயாரித்த கம்பெனியே விற்பனையை நிறுத்திக்கொண்டது. மாத்திரை போன பிறகு பிறவிக் குறைகள் குறைந்திருக்க வேண்டும் அல்லவா? குறையவில்லை. மசக்கை வாந்திக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள்தான் கூடினார்கள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தும் பிறவிக் குறைக்கும் மாத்திரைக்கும் தொடர்பு தெரியவில்லை. 2013இல் அதே கலவைக்கு அமெரிக்க மருந்து நிர்வாகம் மறுபடி அனுமதி கொடுத்தது. கர்ப்ப காலத்தில் இவ்வளவு துருவிப் பார்க்கப்பட்ட மருந்து வேறொன்றைக் காட்டுவது கஷ்டம்.

பலன் என்று பார்த்தால் மாயம் எதிர்பார்க்கக் கூடாது. 2010இல் வெளியான ஒரு பரிசோதனையில் 14 நாளில் மேலே சொன்ன மதிப்பெண் மருந்துக்கு 4.8 குறைந்தது, மருந்தே இல்லாத வெறும் மாத்திரைக்கு 3.9. சராசரி வித்தியாசம் சின்னதுதான். 13க்கு மேல் போய்விட்டவருக்கு இது ஒன்றே போதும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் "போட்டேன், கேட்கலை" என்பவர்களில் பலர் போடும் விதத்தில்தான் கோட்டை விடுகிறார்கள்.

இந்த மாத்திரை வயிற்றில் உடனே கரையாது. மேல்பூச்சு குடலுக்குப் போன பிறகுதான் விடும். வேலை செய்யப் பல மணி நேரம் ஆகும். ராத்திரி பத்து மணிக்குப் போடுவது காலை ஆறு மணிக்காக. காலையில் வாந்தி எடுத்து முடித்துவிட்டு ஒன்றைப் போட்டு, அரை மணி நேரத்தில் நிற்கவில்லை என்று அட்டையைத் தூக்கிப் போட்டால் மருந்தின் மேல் குற்றமில்லை. முறை இது: முதல் இரண்டு நாள் படுக்கப் போகும்போது இரண்டு, வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் தண்ணீரோடு. அடங்கவில்லை என்றால் மூன்றாம் நாள் முதல் காலையில் ஒன்று கூடுதல். அதற்கும் அடங்கவில்லை என்றால் மதியத்துக்கு மேல் இன்னொன்று. நான்குதான் உச்சம். உடைக்கக் கூடாது, பொடிக்கக் கூடாது, மெல்லக் கூடாது. நன்றாக இருக்கும் நாளிலும் விடக் கூடாது, ஏனென்றால் அந்த நாள் நன்றாக இருப்பதே நேற்றுப் போட்டதால்தான். 20 + 20 அளவிலும் மாத்திரை இருப்பதால் இந்த எண்ணிக்கை 10 + 10க்கு மட்டும். அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்ன அளவோடு ஒப்பிடுங்கள். ஃபோலிக் ஆசிட் சேர்ந்த வகையும் உண்டு. தூக்கமும் வாய் உலர்தலும் வரும். காலையில் ஸ்கூட்டி ஓட்டுபவர்கள் முதல் சில நாள் வேறு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

ஆன்டான்செட்ரான்

வாந்தியை நிறுத்தத் தரும் வேறொரு மருந்து. நாக்கில் வைத்தால் கரையும் மாத்திரை, 4 மி.கி. ஓரிரு மணி நேரத்துக்குள் பலன் தெரியும், தூக்கம் வராது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கேட்டது என்று மருந்துக் கடையில் நேராக வாங்கிவிடுவதும் இதனால்தான். கணக்கைப் பாருங்கள்: 18 லட்சம் கர்ப்பங்களை வைத்து 2018இல் வந்த அமெரிக்க ஆய்வில், முதல் மூன்று மாதத்தில் இதைச் சாப்பிட்டவர்களுக்கு உதடு, அன்னப் பிளவு 10,000க்கு 11 என்ற இடத்தில் 14 ஆனது. 10,000க்கு மூன்று கூடுதல். பெரிய எண் இல்லை, பூஜ்யமும் இல்லை. 2019இல் ஐரோப்பிய மருந்து முகமை முதல் மூன்று மாதத்தில் வேண்டாம் என்றது. பிரிட்டன் மகப்பேறு மருத்துவர்களின் 2024 வழிகாட்டல், முதல்கட்ட மருந்துகள் கேட்காதபோது தரலாம் என்கிறது. எனக்கு அதுவே நியாயமாகப் படுகிறது: இரண்டாவது படி, முதல் படியல்ல. மலச்சிக்கல் வரலாம். இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களும், வாந்தியால் பொட்டாசியம் இறங்கிப்போனவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

பெரிநார்ம் எனப்படும் மெட்டோகுளோபிரமைடு என்ற இன்னொரு வாந்தி மருந்து ஐந்து நாளுக்கு மேல் வேண்டாம். கழுத்து ஒருபக்கமாக இழுத்தாலோ விழி மேலே செருகினாலோ அது இந்த மருந்தின் வேலை. நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

தள்ளிப்போட்டால் வருவது

ஒப்பீட்டில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். மாத்திரை வேண்டாம் என்பவர்கள் மருந்தே இல்லாத கர்ப்பத்தோடு இதை ஒப்பிட்டுக்கொள்கிறார்கள். நடப்பது வேறு. கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணினால் வாந்தி ஆறாவது வாரத்தை ஒட்டித் தொடங்கி ஒன்பதாவது வார வாக்கில் உச்சத்துக்குப் போகிறது. ஆறில் அட்டையைப் பிரிக்காதவர் ஒன்பதில் துவண்டுபோய் டிரிப்ஸ் கட்டிலில் படுக்க நேரலாம். அங்கே ஊசியில் ஏறுவது பெரும்பாலும் ஆன்டான்செட்ரான்தான். அறுபது வருடம் அலசப்பட்ட மாத்திரைக்குப் பயந்து, அதைவிடக் கேள்விகள் அதிகமுள்ள மருந்தில் போய் நிற்பது என்ன சிக்கனம்?

அந்தக் கட்டிலில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பி1 வைட்டமினான தயமின் உடம்பில் இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் இருப்பு. மூன்று வாரம் எதுவும் தங்காதவருக்கு "ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க" என்று டெக்ஸ்ட்ரோஸ் பாட்டிலை மாட்டினால், அந்தச் சர்க்கரையை எரிக்க மிச்சமிருக்கும் தயமினும் செலவாகிவிடும். பார்வை இரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழம்புவது என்று மூளை பாதிக்கப்படலாம். சிலருக்கு அது முழுதாகத் திரும்பாது. ஏற்ற வேண்டியது நார்மல் சலைன் என்ற உப்புநீர், ரத்தப் பரிசோதனையைப் பார்த்துப் பொட்டாசியம். டெக்ஸ்ட்ரோஸ் கட்டாயம் என்றால் அதற்கு முன் தயமின் 100 மி.கி. கூட இருப்பவர் நர்ஸிடம் "தயமின் போட்டாச்சா சிஸ்டர்?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடத் தங்கவில்லை, எழுந்தால் கண் இருட்டுகிறது, வாந்தியில் ரத்தம், காய்ச்சல், வயிற்று வலி, சிறுநீர் எரிச்சல்: இதில் ஒன்று இருந்தாலும் மாத்திரையா பொறுமையா என்ற பேச்சே வேண்டாம், அன்றே போய்விடுங்கள். பத்தாவது வாரத்துக்குப் பிறகு முதன்முதலாக வாந்தி தொடங்கினாலும் அதை மசக்கை என்று நினைத்துக்கொள்ளாமல் காட்டுங்கள்.

நிறுத்துவதையும் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலோருக்கு 16 முதல் 20 வாரத்துக்குள் வாந்தி அடங்கும். அப்போதும் மொத்தமாக விடாமல் ஒவ்வொன்றாகக் குறைக்க வேண்டும்: முதலில் மதிய மாத்திரை, மூன்று நான்கு நாள் பார்த்துவிட்டுக் காலை மாத்திரை, ராத்திரி மாத்திரை கடைசியில். குறைத்த மறுநாளே குமட்டல் திரும்பினால் பழைய அளவுக்குப் போய், ஒரு வாரம் கழித்து மறுபடி முயன்று பார்க்கலாம்.