பழைய லிவர் பேனாக்களுக்கு எந்த மைப்பை? மூன்று வகைகளைப் பற்றிய மதிப்பீடு

பெங்களூர் சிக்பேட்டையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடும் சந்தையிலோ, ஊரில் தாத்தாவின் மேசை இழுப்பறையிலோ அகப்படும் பழைய ஷீஃபர், எஸ்டர்புரூக், பிளாக்பேர்ட் பேனாக்களில் நிப்பு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கெட்டுப்போயிருப்பது உள்ளே இருக்கும் ரப்பர் மைப்பைதான். லிவரைத் தூக்கினால் அது அசையாது, அல்லது உள்ளே எதுவோ நொறுங்கும் சத்தம் கேட்கும். இதற்கு மாற்றாக இன்று கிடைக்கும் மைப்பைகள் மூன்று வகை: லேடெக்ஸ், சிலிகோன், பி.வி.சி. மூன்றையும் வாங்கி, என்னிடமுள்ள பேனாக்களில் மாட்டி, அலுவலகக் குறிப்புகளுக்கும் கடிதங்களுக்கும் பயன்படுத்திப் பார்த்த பிறகு எழுதும் மதிப்பீடு இது. பெரும்பாலான பேனாக்களுக்குப் பழைய கறுப்பு லேடெக்ஸ் பையே போதும் என்பது என் முடிவு. அதற்குக் காரணம், அது நீண்டநாள் உழைக்கும் என்பதல்ல. கெட்டுப்போகும்போது பேனாவைக் கெடுக்காமல் கழன்று வந்துவிடும் என்பதுதான்.

ரத்னம், கேமா, ரங்கா போன்ற நம் பக்கத்துப் பேனாக்களில் கழுத்தைத் திருகித் திறந்து ஃபில்லரால் உடலுக்குள்ளேயே மை ஊற்றிப் பழகியவர்களுக்கு மைப்பை புதிய சங்கதியாகத் தோன்றலாம். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நகைக்கடை வைத்திருந்த வால்டர் ஷீஃபர் 1908இல் காப்புரிமை பெற்ற லிவர் முறையில், பக்கவாட்டு நெம்புகோல் ஓர் உலோகப் பட்டையை அழுத்தும். பட்டை பையை நசுக்கும். நெம்புகோலை விட்டதும் பை தன் பழைய வடிவத்துக்குத் திரும்பிக்கொண்டே மையை உறிஞ்சும். ஆகவே ஒரு மைப்பையிடம் எதிர்பார்க்க வேண்டியது முதலில் இந்த மீள்திறன். ஆயுள் அதற்கு அடுத்துத்தான்.

மீள்திறனில் லேடெக்ஸை மற்ற இரண்டும் எட்டவில்லை. பத்து விநாடி நிப்பை மையில் வைத்திருந்தாலே பை நன்றாக நிறைந்துவிடுகிறது. விலையும் மூன்றில் குறைவு. ஆனால் இயற்கை ரப்பருக்கு வெப்பம், வெளிச்சம், காற்றிலுள்ள ஓசோன் மூன்றும் ஆகாது. ஒன்று இறுகி உடையும், அல்லது இளகிப் பிசுபிசுக்கும். பெங்களூரின் மிதமான வெயில் இந்த விஷயத்தில் நமக்கு அனுகூலம். மூடிய காரின் முன்பலகையில் பேனாவை விட்டுச் செல்பவர்களுக்கு அந்த அனுகூலமும் இல்லை.

லேடெக்ஸின் உண்மையான குறை வேறு. ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் கந்தகத்திலிருந்து மெல்ல வெளியேறும் வாயு, பழைய பேனா உடல்கள் செய்த பிளாஸ்டிக்கான செல்லுலாய்டு வெளிர்நிறமாக இருந்தால் அதைக் கறுக்கச் செய்யும். 1920களின் ஜேடு பச்சைப் பேனாக்கள் பலவற்றில் மூடி பச்சையாகவும் உடல் பாசி படிந்த பழுப்பாகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான்; அப்படிப் போன நிறத்தைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. கறுப்பு உடலில் இது கண்ணுக்கே தெரியாது என்பதால் அங்கே கவலைப்பட வேண்டாம்.

நிறம் கெடாத ஜேடு அல்லது முத்துநிறப் பேனா கையில் இருந்தால் மட்டும் சிலிகோன் பைக்குக் கூடுதல் பணம் கொடுப்பது நியாயம். அது கந்தகம் விடாது, மையோடு வினைபுரியாது, பார்க்கவும் பளிச்சென்று இருக்கும். ஆனால் சிலிகோன் வழியாகக் காற்றும் நீராவியும் ஊடுருவும்; சில வாரங்கள் எழுதாமல் வைத்த பேனாவில் மை கெட்டியாகி, முதல் சில வரிகள் கருநீலமாக வந்தன. பையை ஒட்டும் அரக்கும் அதன்மேல் சரியாகப் பிடிக்காது. இழுவையின் பலத்திலேயே, கழுத்தின் பின்முனையில் பை மாட்டும் காம்பின்மேல் நிற்க வேண்டும். தினமும் எழுதுபவருக்கு இவை பெரிய குறைகள் அல்ல. பேனாவை அலங்காரமாக வைத்திருப்பவர் எந்தப் பையையும் போடாமல் காலியாக வைப்பதே மேல்.

பி.வி.சி. பை ஒளி ஊடுருவும், கந்தகம் இல்லை, ஆயுளும் அதிகம்; ஆனால் சற்று விறைப்பானது. உள்ளளவு குறுகிய பேனாவில் லிவர் அதை முழுதாக நசுக்காததால் பை அரைகுறையாகவே நிறைகிறது. பி.வி.சி.க்கு உரிய இடம், லிவர் இல்லாமல் உள்ளிருக்கும் பட்டையை விரலால் அழுத்தி நிரப்பும், 1948இல் வந்த ஏரோமெட்ரிக் பார்க்கர் 51தான். அதில் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்ட பை எழுபது ஆண்டு கடந்தும் பல பேனாக்களில் நலமாக இருக்கிறது. அது கறுத்திருந்தால் காய்ந்த மை என்று எண்ணி நீரில் கழுவிப் பாருங்கள். மாற்றியே ஆக வேண்டும் என்று சொல்லும் கடைக்காரரின் அவசரத்துக்கு இடம் கொடுக்க வேண்டாம்.

பையைவிட முக்கியமானது அதை ஒட்டும் பசை. பெங்களூரின் ஒரு கடையில் பழுதுபார்த்துக் கொடுத்த ஷீஃபர் ஒன்றில் பையைச் சூப்பர் க்ளூவால் ஒட்டியிருந்தார்கள். அடுத்த முறை கழற்றும்போது கழுத்தின் பின்முனையிலுள்ள காம்பு பையோடு சேர்ந்து உடைந்து வந்தது. பேனாவின் விலையில் பாதி அந்தக் காம்பில் போயிற்று. ஒட்ட வேண்டியது ஷெல்லாக் எனும் அரக்கால்தான். நம் நாட்டில், குறிப்பாக ஜார்க்கண்டில், பெருமளவில் விளையும் பொருள் அது; மரச்சாமான் பாலிஷ் சாமான்கள் விற்கும் கடைகளில் செதிலாகக் கிடைக்கும், ஸ்பிரிட்டில் கெட்டியாகக் கரைத்துக்கொள்ளலாம். தண்ணீருக்கு அசையாது, மிதமான சூட்டுக்கு இளகிவிடும். பழுதுபார்ப்பவரைத் தேர்ந்தெடுக்கும்போது நான் கேட்கும் ஒரே கேள்வி, எதைக் கொண்டு ஒட்டுவீர்கள் என்பதே.

தானே செய்து பார்க்க விரும்புபவர்கள் அளவில் கவனமாக இருக்க வேண்டும். பையின் எண் அதன் வெளிவிட்டத்தை அங்குலத்தின் 64இல் ஒரு பங்குகளில் சொல்கிறது. 16ஆம் எண் என்றால் 16/64 அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர். எஸ்டர்புரூக் ஜே பேனாவுக்கு இதுவே பொருந்தும். உடலுக்குள் உரசாமல் வழுக்கிச் செல்லும் பைகளில் பெரியது எதுவோ அதைத் தேர்ந்தெடுத்து, காம்பின்மேல் சற்று இழுத்து மாட்டும்படி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீளத்தைக் கூட்டினால் அதிக மை பிடிக்கும் என்ற எண்ணத்தில் வெட்டாமல் திணிப்பவர்கள் உண்டு. பை உள்ளே மடங்கி முறுக்கிக்கொள்வதால் பிடிக்கும் மை உண்மையில் குறையும். அடிமுனைக்குச் சில மில்லிமீட்டர் இடம் விட்டே வெட்ட வேண்டும்.

கழுத்தைப் பிரிக்கும்போது தீக்குச்சியோ மெழுகுவர்த்தியோ அருகில் வரக் கூடாது. செல்லுலாய்டு பற்றி எரியும் பொருள். ஹேர் டிரையரால் மெல்லச் சூடாக்கி, கையால் தாங்க முடிகிற சூட்டில் நிறுத்தி, அசைத்து அசைத்து எடுக்க வேண்டும். எபோனைட் எனும் கெட்டி ரப்பர் உடலையும், பால்புரதத்தால் செய்த கேசின் உடலையும் நீரில் ஊறவைக்கக் கூடாது. புதுப் பையின்மேல் வாசனை சேராத டால்க் தூவினால் அது உடலின் உட்சுவரில் ஒட்டாது. முகப்பவுடரும் கேரம் பலகைத் தூளும் இதற்கு உதவா.

பராமரிப்பு எளிது. காரத்தன்மை மிகுந்த, நிறம் அடர்ந்த புதுவகை மைகளை லேடெக்ஸில் ஊற்றாதீர்கள். பெலிக்கான் 4001 போன்ற அமைதியான மைகளால் எனக்கு எந்தத் தொல்லையும் வந்ததில்லை. போர்வெல் நீரை நம்பியிருக்கும் குடியிருப்புகளில் உப்பு படியும். கழுவுவதற்குக் குடிநீர் வடிகட்டியின் நீரையே எடுத்துக்கொள்ளலாம். ஸ்பிரிட்டால் கழுவினால் அரக்குக் கரைந்து பை கழன்றுவிடும்.

சென்னைக்கும் பெங்களூருக்கும் அடிக்கடி போய்வருபவர்களுக்கு இன்னொன்று. பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே காற்றழுத்தம் சென்னையைவிட ஏறக்குறைய 10 சதவீதம் குறைவு. அரைப்பை மையோடு சென்னையில் ரயிலேறினால், பைக்குள் இருக்கும் காற்று விரிந்து மையை வெளியே தள்ளும். மூன்று வகைப் பையும் இதைச் செய்யும். முழுதாக நிரப்பியோ காலி செய்தோ, நிப்பு மேலே இருக்கும்படி சட்டைப்பையில் செருகிக்கொண்டால் சட்டை தப்பும்.

வாங்கும்போது வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் தபால்செலவு பையின் விலையை மிஞ்சிவிடும் என்பதால் நண்பர்கள் சேர்ந்து ஒரே கட்டாக வாங்குவது நல்லது. ஆனால் லேடெக்ஸ் பைகள் மாட்டாமல் வைத்திருந்தாலும் வயதாகும்; தேவைக்கு மேல் வாங்கி அடுக்க வேண்டாம். மிஞ்சியவற்றைக் காற்றுப்புகாத உறையில் இட்டு, வெளிச்சம் படாத அலமாரியில் வைத்து, மாட்டும் முன் ஒருமுறை இழுத்து, வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.