மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்

பெரிய எஸ்யூவி வாங்கப் போகும் யாரும் முதலில் கேட்பது "எவ்வளவு இழுக்கும்?" என்பதுதான். நானும் அதைத்தான் கேட்டேன். விற்பவர் ஒரு எண் சொன்னார், அது என் படகும் டிரெய்லரும் சேர்ந்த எடையைப் போல இரண்டு மடங்கு இருந்தது, சரி என்று வாங்கிவிட்டேன். 6 வருடம் கழித்துக் கணக்குப் பார்த்தால் டிரெய்லர் மாட்டியது வருடத்துக்கு 20 நாள் இருந்தால் அதிகம். மீதி நாளெல்லாம் காலி வண்டிதான், அந்த மீதி நாளெல்லாம் பின்னால் உட்கார்ந்த அம்மா "என்னடா இது, கட்டை வண்டி மாதிரி தூக்கித் தூக்கிப் போடுது" என்று சொல்லாத பயணம் கிடையாது. எந்தக் கம்பெனி வண்டி என்று சொல்லப்போவதில்லை. படகை மாட்டினால் அது மலை போல அசையாமல் போகும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்போது அதை மாற்றலாம் என்று இந்த வகையில் கிடைப்பதையெல்லாம் அலசி, சிலதை ஓட்டியும் பார்த்தேன். அதில் புரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் ஸ்பிரிங். எடை ஏற்றும்போது பின்பக்கம் உட்காராமல் இருக்க வேண்டுமென்றால் ஸ்பிரிங் விறைப்பாக இருக்க வேண்டும். ஆனால் அதே ஸ்பிரிங் காலியாக ஓடும்போதும் அங்கேயேதான் இருக்கும். மனித உடம்புக்கு இதமான ஆட்டம் நொடிக்கு ஒன்று, ஒன்றரை முறை, ஏறக்குறைய நாம் நடக்கிற தாளம். முழு சுமைக்குக் கணக்குப் போட்ட ஸ்பிரிங்கை வெறும் வண்டியின் அடியில் வைத்தால் அந்தத் தாளம் வேகமாகிவிடும், அதுதான் அந்தத் தூக்கிப்போடல். அப்புறம் பின் அச்சு. இரண்டு சக்கரத்தையும் ஒரே தண்டாக இணைக்கும் சாலிட் ஆக்சில் என்றால் இடது சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் வலதுக்கும் செய்தி போகும், கூடவே இன்ஜின் சக்தியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்க நடுவில் இருக்கும் கனமான டிஃபரன்ஷியலும் சேர்ந்து மேலும் கீழும் குதிக்கும். தனித்தனி சஸ்பென்ஷனில் டிஃபரன்ஷியல் சேஸிஸோடு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தோடு, நின்றுவிடும், சக்கரம் மட்டும் அசையும்.

"தனித்தனி சஸ்பென்ஷன் போட்டால் இழுக்காது" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரே ஒரு ஜோடி போதும். டொயோட்டா லேண்ட் க்ரூஸர் 300, பின்னால் சாலிட் ஆக்சில், பிரேக் உள்ள டிரெய்லரை 3,500 கிலோ வரை இழுக்கும். 2010இல் வந்த நிசான் பேட்ரோல் ஒய்62, நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், அதுவும் 3,500 கிலோதான். காகிதத்தில் சரிசமம். ஃபோர்டு எக்ஸ்பெடிஷன் 2003 மாடலிலிருந்தே பின்னால் தனித்தனி சஸ்பென்ஷன்தான், 2018இல் வந்த தலைமுறை தகுந்த டோயிங் பேக்கேஜோடு 9,300 பவுண்டு, அதாவது 4,200 கிலோவுக்கு மேல் இழுக்கும். செவ்ரோலே டாஹோ 2021 மாடலில்தான் முதன்முறையாக அந்தப் பக்கம் வந்தது, அதிகபட்சம் 8,400 பவுண்டு, சுமார் 3,800 கிலோ.

டொயோட்டா செக்வோயா எதிர்த்திசையில் போனது. முந்தைய தலைமுறையில் தனித்தனி சஸ்பென்ஷன் இருந்தது, 2023 மாடலில் அதை எடுத்துவிட்டு டன்ட்ரா பிக்கப்போடு பகிர்ந்துகொள்ளும் சேஸிஸில் சாலிட் ஆக்சிலுக்குத் திரும்பினார்கள். இழுவை 9,520 பவுண்டு, சுமார் 4,300 கிலோ. ஹைப்ரிட் வி6 இன்ஜின் 437 குதிரைசக்தி, 790 நியூட்டன் மீட்டர் டார்க். இழுவைக்கு அருமையான இன்ஜின், சந்தேகமே இல்லை. ஆனால் சாலிட் ஆக்சில் முழுசாக மேலும் கீழும் போக இடம் விட வேண்டும், ஹைப்ரிட் பேட்டரியும் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறது, அதனால் மூன்றாம் வரிசைக்கு அடியில் தரை உயர்ந்துவிட்டது, சீட்டை மடித்தாலும் சமதளம் வராது. டாஹோவில் நேர்மாறு: சஸ்பென்ஷனை மாற்றியதும் தரை தாழ்ந்தது, பெரியவர்கள் முழங்காலைத் தாடையில் முட்டாமல் பின்னால் உட்கார முடிகிறது. எனக்கு இந்த ஒரு விஷயமே இழுவை எண்ணில் இருக்கும் 500 கிலோ வித்தியாசத்தைவிடப் பெரியது. உங்களிடம் 4 டன் டிரெய்லர் உண்மையிலேயே இருந்தால் உங்கள் கணக்கு வேறு.

இந்த எண்கள் எப்படி வருகின்றன என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் வண்டிப் பொறியாளர்கள் அமைப்பான எஸ்ஏஇ வகுத்த ஜே2807 என்ற இழுவைச் சோதனைத் தரம் இருக்கிறது. அரிசோனாவில் டேவிஸ் டேம் பக்கத்து ஏற்றத்தில், சுமார் 18 கிலோமீட்டர், ஏசியை முழுசாகப் போட்டுக்கொண்டு, கொதிக்கிற வெயிலில், வேகம் மணிக்கு 40 மைலுக்குக் கீழே போகாமல் ஏற வேண்டும். கடுமையான சோதனைதான், இன்ஜின், கியர்பாக்ஸ், கூலிங் எல்லாம் தாங்குமா என்று சொல்லிவிடும். ஆனால் வண்டிக்குள் கணக்கில் எடுப்பது டிரைவரும் பக்கத்தில் ஒருவரும் மட்டும், தலைக்கு 150 பவுண்டு. ஏழு பேர் உட்காரும் வண்டியை இரண்டு பேரோடு கணக்குப் போட்டால் எண் அழகாகத்தானே இருக்கும்? மூன்றாம் வரிசையில் யாருக்காவது தலை சுற்றியதா என்று அதில் கேட்கவும் மாட்டார்கள்.

உண்மையில் முதலில் தீர்ந்துபோவது இழுவைத் திறன் இல்லை, பேலோடுதான், அதாவது ஆட்கள், சாமான் என்று வண்டி தன் மேல் தாங்கக்கூடிய எடை. டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் (டிரெய்லரை மாட்டும் கொக்கி) மேல் அழுத்த வேண்டும் என்பது அமெரிக்க வழக்கம், குறைந்தால் டிரெய்லர் வால் ஆட்ட ஆரம்பிக்கும். 3,000 கிலோ டிரெய்லர் என்றால் குறைந்தது 300 கிலோ, அதிகம் போனால் 450. ஒரு வண்டியின் பேலோடு 700 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரைவரோடு ஐந்து பேர் ஏறினால் 350 போய்விட்டது, ஹிட்சுக்கு 350தான் மீதி. இன்னும் ஒரு பெட்டிகூட ஏற்றவில்லை. அமெரிக்க வண்டிகளில் இந்த எண் டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கராக இருக்கும். ஒரே மாடலிலேயே சன்ரூஃப், பெரிய சக்கரம், மோட்டார் வைத்த சீட் என்று சேரச் சேர அது குறைந்துகொண்டே போகும். சொகுசுக்கும் இழுவைக்கும் நடக்கும் சண்டையில் பாதி அந்த ஸ்டிக்கரில்தான் நடக்கிறது.

சண்டையைக் கொஞ்சம் தீர்த்து வைப்பது ஏர் சஸ்பென்ஷன், இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை. எடை ஏறும்போது பையில் காற்றழுத்தம் ஏறி அதுவும் விறைக்கும், இறக்கினால் மறுபடி இளகும், அதனால் காலியாக இருந்தாலும் சுமையோடு இருந்தாலும் ஆட்டத்தின் தாளம் பெரிதாக மாறாது. பின்பக்கம் உட்காராமல் சமன் செய்வது தனி லாபம். தனித்தனி சஸ்பென்ஷன் வண்டி உட்கார்ந்தால் டயர் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து உள்ஓரம் தேய ஆரம்பிக்கும், அதையும் இது தடுக்கும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்திவிட்டதால் முன்சக்கரத்துக்கு எடை திரும்பி வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பார்க்க நேராக இருக்கும், ஸ்டீயரிங் மட்டும் காற்றில் மிதக்கும். முன்னால் எடையைத் திருப்பிக் கொண்டுவர வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச்தான் வேண்டும், அதை மாட்டும்போது ஏர் சஸ்பென்ஷனை என்ன நிலையில் வைக்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும், மேனுவலைப் படித்தே ஆக வேண்டும்.

அப்புறம் எனக்குக் கோபம் வரும் இடம். ஏர் சஸ்பென்ஷன் பெரும்பாலும் உச்ச வேரியன்டில்தான் கிடைக்கிறது, உச்ச வேரியன்ட் என்றாலே 22 இன்ச் சக்கரம். டயரின் பக்கச்சுவர் விரல் உயரத்துக்குச் சுருங்கிவிடுகிறது. ஒரு கையால் சொகுசைக் கொடுத்து மறு கையால் பிடுங்கிக்கொள்கிறார்கள். அதே வண்டியை 18 அல்லது 20 இன்ச்சில் ஓட்டிப் பார்த்தால் சாலை விளிம்பு, பாலத்து இணைப்பு எல்லாம் பாதிச் சத்தத்தில் போய்விடும். சிறிய சக்கரம் போடுவதற்கு முன் பிரேக் காலிபர் இடிக்கிறதா, டயரின் லோட் ரேட்டிங் (அது தாங்கும் எடை) போதுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டிரெய்லர் மாட்டும் நாளில் பின் டயரில் காற்றை மேனுவல் சொல்லும் அளவுக்கு ஏற்றி, வீட்டுக்கு வந்ததும் இறக்குங்கள். நான் இறக்க மறந்து ஒரு மாதம் ஓட்டியிருக்கிறேன், அந்த மாதம் அம்மா என் வண்டியில் ஏறவே இல்லை.

என் முடிவு: தனித்தனி சஸ்பென்ஷன், ஏர் ஸ்பிரிங், கிடைக்கிற சக்கரத்தில் சிறியது. என் படகுக்கு இதில் எதுவும் போதும். ஒரே தயக்கம் ஏர் சஸ்பென்ஷனின் வயது. தெரிந்தவர் ஒருவரின் வண்டி ஒரு நாள் காலையில் ஒட்டகம் மண்டியிட்ட மாதிரி பின்பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தது, பை கசிந்து, அதை நிரப்பி நிரப்பி கம்ப்ரஸரும் போய்விட்டது, செலவைக் கேட்டு மனிதர் அரை மணி நேரம் பேசவில்லை. அதனால் நீட்டித்த வாரண்டியில் பையும் கம்ப்ரஸரும் சேருமா என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன், பதில் வந்தபின்தான் முன்பணம்.