கைக்குழந்தைக்கு கார் சீட்: பக்கெட் சீட்டே போதுமா, கன்வெர்டிபிளுக்கு மாறணுமா?

காரைக்குடியிலிருந்து மதுரைக்கும் திருச்சி விமான நிலையத்துக்கும் பிள்ளையோடு காரில் போகிறவர்களுக்கு வரும் குழப்பம் இது. பக்கெட் சீட் என்றால் கைப்பிடி பிடித்துப் பிள்ளையோடு தூக்கக்கூடிய, காரின் பின்பக்கம் பார்த்த சீட். கன்வெர்டிபிள் என்றால் முதலில் பின்பக்கம் பார்த்தும், பிள்ளை வளர்ந்ததும் முன்பக்கம் பார்த்தும் வைக்கக்கூடிய சீட்.

அளவு: பக்கெட் சீட் பெரும்பாலும் 13 கிலோ வரை. கன்வெர்டிபிள், பின்பக்கம் பார்த்தபடியே 18 கிலோ வரை தாங்கும் மாடல்கள் உண்டு. ஆனால் பல பிள்ளைகளுக்கு எடைக்கு முன்னால் உயரம்தான் முட்டும். உச்சந்தலைக்கும் சீட்டின் மேல்விளிம்புக்கும் நடுவே 2.5 செ.மீ. கூட இல்லையா, சரி, பக்கெட் முடிந்தது. கால் மடங்கிக் கிடக்கிறதே என்று அப்பத்தாவும் ஆயாவும் பதறுவார்கள். அது கணக்கிலேயே வராது.

வசதி: பிள்ளையார்பட்டியில் இறங்கினால் தூங்குகிற பிள்ளையைப் பக்கெட்டோடு தூக்கலாம். கன்வெர்டிபிள் காரிலேயே இருக்கும். அதே பக்கெட்டை ஒன்பது கிலோ பிள்ளையோடு செட்டிநாட்டு வீட்டின் முகப்பு, வளவு தாண்டி இரண்டாங்கட்டு வரை தூக்கிப் பாருங்கள், கை கழன்றுவிடும்!

செலவு: பக்கெட் விலை குறைவு, உழைப்பு ஏறக்குறைய ஒரு வருடம். மற்றது விலை கூட, நாலு வயது வரைகூட வரும்.

பிறந்த பிள்ளை, அடிக்கடி ஏறி இறங்கும் வேலை என்றால் பக்கெட். ஒரே சீட்தான் வாங்க முடியும் என்றால், பச்சைப்பிள்ளைக்கான உள்மெத்தை உள்ள கன்வெர்டிபிள். மாற்றினாலும் அவசரப்பட்டு முன்பக்கம் திருப்பாதீர்கள்.