திட்ட அறிக்கையா, கையில் 2,000 ரூபாயா?

கோவைப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.காம். மாணவர்களுக்குத் தொழில்முனைவுப் பாடம் எடுக்கிறேன். முதல் மூன்று வருடம் எல்லாரையும் போல பிசினஸ் பிளான் எழுத வைத்தேன். கடந்த இரண்டு வருடமாக, ஐந்து பேர் கொண்ட குழுவுக்குத் துறையிலிருந்து 2,000 ரூபாய் கொடுத்து, ஆறு வாரம் எதையாவது விற்கச் சொல்கிறேன். முதலைத் திருப்பித் தரவேண்டும், லாபம் அவர்களுக்கு. தொழில்முனைவைக் கற்பிக்கத் திட்ட அறிக்கை எழுத வைப்பதா, விற்க அனுப்புவதா என்றால், நான் இரண்டாவது கட்சி.

பிளான் எழுத வைப்பதில் செலவில்லை, அறுபது பேரை ஒரே ஆள் சமாளிக்கலாம். ஆனால் எக்செலில் ஒரு கட்டத்தைப் பிடித்து இழுத்தால் விற்பனை தானாக ஏறிவிடுகிறது. நான் திருத்திய எந்த அறிக்கையிலும் ஐந்தாம் வருடம் நஷ்டம் வந்ததில்லை.

போன வருடம் ஒரு குழு திருப்பூர் காதர்பேட்டையில் பனியன் எடுத்தது. 90 ரூபாய் வீதம் 20 உருப்படி, பஸ்ஸுக்கு 200. 150க்கு விற்றால் ஆயிரம் ரூபாய் லாபம் என்று கணக்கு. விற்றது 14, மீதி ஆறும் யாருக்கும் பொருந்தாத பெரிய சைஸ். நோட்டில் லாபம் 100 ரூபாய். அதிலும் நாலு பனியன் ஹாஸ்டல் நண்பர்களுக்குக் கடனாகப் போனதால் கையில் இருந்தது 1,500. லாபம் வேறு, கையிருப்பு வேறு என்று நான் இரண்டு வகுப்பு எடுத்தும் ஏறாதது அன்றைக்கு ஏறிவிட்டது.

சரி, விற்க அனுப்பினால் மட்டும் போதுமா? மதிப்பெண்ணை எதற்குப் போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. விற்க அனுப்பிய முதல் வருடம் லாபத்துக்குப் போட்டேன். ஒரு குழுவின் சரக்கு முழுவதும் பெரியம்மா, அத்தை வீடுகளுக்குப் போனது. இன்னொரு குழு தன் சரக்கைத் தானே வாங்கிக்கொண்டது! பசங்களைச் சொல்லிக் குற்றமில்லை, நான் கேட்டதைத்தான் கொடுத்தார்கள். இப்போது லாபத்துக்கு மதிப்பெண்ணே கிடையாது. அன்றன்றைக்கு எழுதிய வரவு செலவு நோட்டுக்கு 50, முன்பின் தெரியாதவர்களிடம் விற்றதற்கு 30, வாங்கியவர் சொன்னதைக் கேட்டு எதை மாற்றினார்கள் என்பதற்கு 20. நோட்டை ஜிபே பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். அதில்தான் என் ஞாயிற்றுக்கிழமைகள் போகின்றன. லாபத்துக்கு மதிப்பெண் போட்டிருந்தால் கடைசியில் நின்றிருக்கும் பனியன் குழுதான் போன வருடம் முதலிடம்.

இது என் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. அமெரிக்காவில் பாப்சன் கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்கே கடன் கொடுத்துத் தொழில் நடத்த வைத்தது. அங்கே லாபம் தொண்டு நிறுவனங்களுக்குப் போனது. ஏன் 2,000 மட்டும் என்றால், சரஸ் சரஸ்வதி என்ற பேராசிரியை 2001இல் எழுதிய ஆய்வில் பதில் இருக்கிறது: எவ்வளவு வரும் என்பதைவிட, எவ்வளவு போனால் தாங்கும் என்று பார்த்துத்தான் தேர்ந்த தொழில்முனைவோர் இறங்குகிறார்கள். எங்கள் துறைக்குத் தாங்குவது அவ்வளவுதான்.

பிளானை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்கான தமிழக அரசின் நீட்ஸ் (NEEDS) திட்டத்தில் 25 சதவீத மானியம் வாங்கவேண்டுமானால் திட்ட அறிக்கை இல்லாமல் நடக்காது. மருத்துவக் கருவி செய்ய நினைக்கும் பொறியியல் மாணவருக்கு ஆறு வாரமும் 2,000 ரூபாயும் எந்த மூலைக்கு? நான் அவர்களுக்குப் பாடம் எடுத்ததில்லை, அதனால் என் முறையை அங்கே சிபாரிசு செய்யமாட்டேன். என் வகுப்பில் அடுத்த பருவத்தில் அறிக்கையும் உண்டு, ஆனால் விற்று முடித்த பிறகு.